மருந்துக்கடையிலேயே கருத்தடை மாத்திரை: கவுன்ட்டரில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் என்றொரு மாநிலம். அங்கே ஒரு சின்ன ஊர் மருந்துக்கடைக்குள் ஒரு பெண் போய், “கருத்தடை மாத்திரை வேண்டும், டாக்டர் சீட்டு கிடையாது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கவுன்ட்டரில் நிற்கும் மருந்தாளுநர் உடனே அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டுவார்.

தாளில் சுமார் இருபது கேள்விகள். கடைசியாக மாதவிடாய் வந்த தேதி என்ன? சமீபத்தில் பிரசவம் ஆனதா? பால் கொடுக்கிறீர்களா? சிகரெட் பிடிப்பீர்களா? தலைவலி வருமா, வந்தால் அதற்கு முன்பு கண்ணில் வெளிச்சக் கோடுகள் தெரியுமா? காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியதுண்டா? வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எழுதி முடித்ததும் அவரை ஓரமாக உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். பிறகு பதில்களை ஒவ்வொன்றாக ஒரு வழிகாட்டி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் சீட்டை அவரே எழுதி, மாத்திரையையும் அவரே கொடுப்பார். எங்காவது இடித்தால், காரணத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்புவார்.

மருந்தாளுநர் வழியாகக் கருத்தடை என்பது இவ்வளவுதான். ஆரிகனில் இது 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த ஏற்பாடு உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய புதுமை என்று தோன்றலாம். நாம் மெடிக்கல் ஷாப்பில் போய், “அண்ணே, ரெண்டு நாளா தொண்டை வலி, ஏதாவது குடுங்க” என்று கேட்டுப் பழகியவர்கள். அமெரிக்காவில் சீட்டு என்றால் நிஜமாகவே சீட்டுதான். அது இல்லாமல் ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகூடக் கவுன்ட்டரைத் தாண்டி வராது. கருத்தடை மாத்திரையும் அங்கே பல பத்தாண்டுகளாக அந்தச் சீட்டுப் பட்டியலில்தான் இருந்தது. 1960-இல் எனோவிட் என்ற முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்தே டாக்டரைப் பார்க்காமல் அதை வாங்க முடியாது. பல இடங்களில் அதற்கு மேலும் சட்டத் தடைகள் இருந்தன. கல்யாணமானவர்கள் கருத்தடை பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1965-இல்தான். கல்யாணமாகாதவர்களுக்கு அந்த உரிமை வர 1972 ஆயிற்று.

ஒரு மருந்து மக்கள் கைக்கு வர மூன்று வழிகள் இருக்கின்றன. இவற்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, டாக்டர் எழுதித் தர, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது. இன்னொன்று, சோப்பு ஷாம்பூ மாதிரி யார் வேண்டுமானாலும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு காசு கொடுத்துவிட்டுப் போவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நாம் பேசும் வழி. மருந்து சீட்டு மருந்தாகவே இருக்கும். சீட்டு எழுதும் பேனா மட்டும் மருந்தாளுநர் கைக்கும் வரும். பூட்டைக் கழற்றி எறியவில்லை, இன்னொருவரிடமும் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாவியும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, பிறப்புறுப்புக்குள் வைக்கும் வளையம், மூன்று மாத ஊசி என்று மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறும்.

சரி, கருத்தடை மாத்திரைக்கு இத்தனை கேள்வி எதற்கு?

மாத்திரைகளில் பெரும்பாலானவை இரண்டு ஹார்மோன்கள் கலந்தவை: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டின் இன்னொன்று. கருத்தரிக்காமல் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு புரோஜெஸ்டினுடையது. முட்டை வெளிவருவதை அது தடுக்கும், கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் முட்டை வளர்ச்சியை இன்னும் அழுத்தமாக அடக்கும். நடுநடுவே ரத்தம் படாமல் சுழற்சியையும் ஒழுங்காக வைக்கும். வில்லங்கமும் இந்த ஈஸ்ட்ரோஜனிடம்தான் இருக்கிறது. அது ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து மிகச் சின்னது; கர்ப்ப காலத்தில் ரத்தம் கட்டும் ஆபத்து அதைவிடப் பெரியது. ஆனால் ஏற்கெனவே ரத்தக் குழாய்களுக்குச் சுமை இருக்கிற ஒருவருக்கு இது மேற்கொண்டு ஒரு சுமை. கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி, நுரையீரலில் அடைப்பு, பக்கவாதம், மாரடைப்பு என்று போகலாம்.

அந்தத் தாளில் இருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைத் தேடித்தான் போகின்றன. உதாரணத்துக்குத் தலைவலிக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தலைவலி பிரச்சினை இல்லை. ஒற்றைத் தலைவலியிலும் இரண்டு வகை. சிலருக்கு வலி தொடங்குவதற்கு முன் பார்வையில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தெரியும், ஒரு பக்கம் மறைந்த மாதிரி இருக்கும், கை மரத்துப்போகும். அந்த வகை உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து இயல்பிலேயே சற்று அதிகம். அதன் மேல் ஈஸ்ட்ரோஜனைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. முன்னறிகுறி எதுவும் இல்லாமல் தலைவலி மட்டும் வருகிறவர் கலப்பு மாத்திரை சாப்பிடலாம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். சரியான கேள்வியைப் புரிகிற மாதிரி கேட்டால் போதும்.

இப்படி எந்த உடல்நிலைக்கு எந்தக் கருத்தடை ஒத்துவரும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 1996-இலேயே அட்டவணையாகப் போட்டுவிட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைத் தன் நாட்டுக்கேற்ப மாற்றி 2010-இல் வெளியிட்டு, அவ்வப்போது புதுப்பித்து வருகிறது. அதில் நான்கு எண்கள். 1 என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். 2 என்றால் நன்மை அதிகம், கொடுக்கலாம். 3 என்றால் பொதுவாக வேண்டாம், வேறு வழியே இல்லையென்றால் டாக்டர் யோசிக்கட்டும். 4 என்றால் கொடுக்கவே கூடாது. முப்பத்தைந்து வயதைத் தாண்டி ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட்டுக்குமேல் பிடிப்பவருக்குக் கலப்பு மாத்திரை 4. ரத்த அழுத்தம் 160/100-ஐத் தொட்டால் 4. 140/90 தாண்டி அதற்குக் கீழே இருந்தால் 3. பிரசவமாகி மூன்று வாரம் ஆகாதவருக்கு 4. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு 3. காரணம் ரத்தக் கட்டி இல்லை, அந்த மருந்து ஈரலைத் தூண்டிவிட்டு ஹார்மோனைச் சீக்கிரமே கரைத்துவிடும், மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பம் தரிக்கலாம். சில வலிப்பு மாத்திரைகளுக்கும் இதே கதைதான்.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்று புலப்படும். டாக்டர் அறையில் நடப்பதும் இதே கேள்விகள்தான், இதே ரத்த அழுத்தப் பட்டைதான். கலப்பு மாத்திரை தொடங்குவதற்கு அவசியமான ஒரே உடல் பரிசோதனை ரத்த அழுத்தம் பார்ப்பது என்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2013 வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொன்னது. இடுப்புப் பரிசோதனையோ கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையோ அதற்குத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்தது வேறு. “வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தால்தான் அடுத்த வருடத்துக்கு மாத்திரை எழுதுவேன்” என்று டாக்டர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். பரிசோதனை நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. அதற்காக மாத்திரையைப் பணயம் வைப்பது எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் தள்ளிப்போனால் மாத்திரை மூன்று வாரம் நிற்கும். கரு அதுவரை காத்திருக்காது.

மாத்திரையின் பலம் விடாமல் சாப்பிடுவதில் இருக்கிறது. ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டால் வருடத்துக்கு ஆயிரம் பெண்களில் மூன்று பேர்தான் கருத்தரிப்பார்கள். நிஜ வாழ்க்கையில், மறதியும் தீர்ந்துபோன அட்டையும் சேர்ந்த கணக்கில், நூற்றுக்கு ஏழு பேர். அந்த இடைவெளியில் மறதிக்கு ஒரு பங்கு. அட்டை தீர்ந்து அடுத்தது கைக்கு வராததற்கும் ஒரு பங்கு. மறதிக்குச் சட்டம் போட முடியாது, இன்னொன்றுக்குப் போடலாம். ஆரிகன் 2015-இல் இரண்டு சட்டங்களைச் சேர்த்தே நிறைவேற்றியது. ஒன்று மருந்தாளுநருக்கு எழுதும் அதிகாரம் கொடுத்தது. இன்னொன்று, ஒரு வருடத்துக்கான மாத்திரையை ஒரே தடவையில் வாங்கினாலும் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டும் என்றது. முதல் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் நூட் ப்யூலர். குடியரசுக் கட்சிக்காரர், தொழிலால் எலும்பு முறிவு டாக்டர். கருத்தடை என்றாலே கட்சிச் சண்டையாகிவிடும் ஒரு நாட்டில் இது கொஞ்சம் விசித்திரமான விஷயம்தான்.

ஆரிகனுக்கு ஏன் அவசரம் என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். மேற்கே போர்ட்லண்ட் மாதிரி ஊர்களில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. கிழக்கே போனால் மேய்ச்சல் நிலமும் வறண்ட மேடுகளும். ஒரு மகப்பேறு டாக்டரைப் பார்க்க அரை நாள் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். மருந்துக்கடை அப்படி இல்லை. அமெரிக்கர்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு ஐந்து மைலுக்குள், நம் கணக்கில் எட்டு கிலோமீட்டருக்குள், ஒரு மருந்துக்கடை இருக்கிறது. மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருக்கும். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். உள்ளே நிற்பவரும் ஏதோ சேல்ஸ்மேன் இல்லை; மருந்தியலில் முனைவர் நிலைப் பட்டம் முடித்தவர், இந்த வேலைக்கென்று தனிப் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும்.

கட்டுப்பாடுகளும் வைத்தார்கள். தொடக்கத்தில், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஏற்கெனவே ஒரு டாக்டர் எழுதித் தந்திருந்தால்தான் மருந்தாளுநர் தொடர்ந்து எழுதலாம். மூன்று வருடமாக எந்த டாக்டரையும் பார்க்காத பெண்ணுக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகக் கூடாது. இன்னொரு விதி எனக்குப் பிடித்தது: வந்தவரிடம் “போய்விட்டு அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொண்டு வா” என்று மருந்தாளுநர் சொல்லக் கூடாது. சட்டம் எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

பலன் இருந்ததா? ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருக்கும் ஆரிகன் பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. முதல் இரண்டு வருடங்களில், அந்தக் காப்பீட்டில் புதிதாக எழுதப்பட்ட கருத்தடை மாத்திரைச் சீட்டுகளில் பத்தில் ஒன்று மருந்தாளுநர் கையெழுத்துப் போட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முந்தைய மாதத்தில் கருத்தடைச் சீட்டு எதுவும் இல்லாமல் இருந்தவர்கள். விரும்பாத கர்ப்பங்களில் 51-ஐ இது தவிர்த்திருக்கும் என்றும், அரசுக்கு 16 லட்சம் டாலர் மிச்சமாகியிருக்கும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 51 என்பது ஒரு மாநிலத்துக்குப் பெரிய எண் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது ஒரே ஒரு காப்பீட்டுத் திட்டத்தின், முதல் இரண்டு வருடக் கணக்கு.

பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவின் கதை வேறு. அவர்கள் சட்டத்தை 2013-லேயே நிறைவேற்றிவிட்டார்கள், ஆரிகனுக்கு இரண்டு வருடம் முன்பே. விதிமுறைகளை எழுதி முடித்து நடைமுறைக்குக் கொண்டுவர 2016 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்கப்புறமாவது கடைகளில் கிடைத்ததா என்று பார்க்க, 2017-இல் ஆய்வாளர்கள் ஆயிரம் கடைகளுக்குமேல் போன் போட்டு, “சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரை வாங்க முடியுமா?” என்று விசாரித்தார்கள். முடியும் என்றவை நூற்றுக்குப் பதினொன்று.

சட்டம் இருந்தும் நூற்றில் மீதி 89 கடைகள் ஏன் கதவைத் திறக்கவில்லை? கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஒரு மருந்தாளுநர் காலையிலிருந்து சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். போன் அடிக்கிறது, தடுப்பூசிக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், காப்பீட்டு நிறுவனம் ஒரு பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த நேரத்தில் ஒருவரை உட்காரவைத்து, தாளைப் படித்து, ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்க இருபது நிமிடமாவது வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்கு யார் கூலி தருவது? மாத்திரையின் விலையைக் காப்பீடு கட்டும். மருந்தாளுநரின் ஆலோசனைக்குப் பல காப்பீடுகள் ஒரு காசும் தரவில்லை. அப்போது கடை இரண்டில் ஒன்றைச் செய்யும்: வாடிக்கையாளரிடம் 40, 50 டாலர் கட்டணம் கேட்கும், அல்லது அந்தச் சேவையே கிடையாது என்றுவிடும். ஆரிகனில் அரசுக் காப்பீடு மருந்தாளுநரின் நேரத்துக்கும் பணம் கொடுத்தது. இரண்டு மாநிலங்களுக்கும் இடையே என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். கடைக்காரருக்குச் சம்பளம் இல்லாத வேலையைச் சட்டம் போட்டுச் செய்யவைக்க முடியாது.

டாக்டர்கள் பக்கமிருந்து வந்த கவலையையும் சொல்ல வேண்டும். மாத்திரை கடையிலேயே கிடைத்தால் பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள், புற்றுநோய்ச் சோதனை விட்டுப்போகும் என்பது அது. நியாயமான கவலை; ஆனால் மாத்திரையைப் பிடித்துவைப்பது அதற்குத் தீர்வு ஆகாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கமே இந்த விஷயத்தில் டாக்டர்களைத் தாண்டிப் போய்விட்டது. சீட்டே இல்லாமல் அலமாரியில் வையுங்கள் என்பது 2012 முதல் அவர்களது நிலைப்பாடு.

அந்த அலமாரி திறந்தது 2023 ஜூலையில். ஓபில் என்ற மாத்திரையை வயது வரம்போ சீட்டோ இல்லாமல் விற்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு கூடிய ஆலோசனைக் குழுவில் பதினேழு பேரும் ஆதரவாகவே வாக்களித்தார்கள். 2024 மார்ச்சில் கடைகளுக்கு வந்தது; ஒரு மாத அட்டைக்கு 19.99 டாலர், மூன்று மாதத்துக்கு 49.99 டாலர் என்று நிறுவனம் விலை சொன்னது. மருந்து புதிது என்று நினைக்க வேண்டாம். நார்ஜெஸ்ட்ரல் என்ற அதே மருந்துக்கு 1973-லேயே அனுமதி இருந்தது. ஐம்பது வருடம் சீட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டு வெளியே வந்திருக்கிறது.

ஏன் இந்த மாத்திரை மட்டும் முதலில் வெளியே வந்தது என்பதற்கு மேலே சொன்ன ஹார்மோன் கதையில் பதில் இருக்கிறது. ஓபிலில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, புரோஜெஸ்டின் மட்டும். மினி பில் என்பார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லையென்றால் கேள்விகளில் பெரும்பகுதி தானாகவே உதிர்ந்துவிடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சாப்பிடக் கூடாது, இன்னும் சில எச்சரிக்கைகள். அதையெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்துவிடலாம். படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று சாதாரண மக்களை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். மினி பில்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குமேல் தாமதமானால் அதைத் தவறவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த இரண்டு நாள் ஆணுறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு சீரியல் முடிந்ததும் சாப்பிடலாம் என்று வைத்துக்கொண்டால், மெகா எபிசோட் வருகிற நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிரிட்டனில் 2021-இலேயே டெஸோஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு மினி பில் சீட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. அங்கே அலமாரியில் கிடக்காது. மருந்தாளுநரிடம் பேசித்தான் வாங்க வேண்டும். அந்த மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை சலுகை உண்டு. இங்கிலாந்தில் 2023 டிசம்பர் முதல் தேசியச் சுகாதாரச் சேவை ஒரு படி மேலே போய், மருந்துக்கடையிலேயே முதல் அட்டையை இலவசமாகத் தொடங்கிக்கொள்ள வழி செய்தது. கடைகளுக்கு அந்த ஆலோசனைக்கான பணத்தையும் அரசே தருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அதே வருடம் ஏப்ரலில் கருத்தடையை இலவசமாக்கி, ஜூனில் மருந்தாளுநருக்கு எழுதும் அதிகாரம் கொடுத்தார்கள்.

இனி நம் ஊர்க் கவுன்ட்டருக்கு வருவோம். இங்கே நிலைமை இரண்டு முனைகளிலும் கோணலாக இருக்கிறது.

ஒரு முனையில் தினசரி மாத்திரை. மாலா-டி அட்டையைச் சீட்டில்லாமல் வாங்கலாம். இருபத்தொரு ஹார்மோன் மாத்திரை, ஏழு இரும்புச் சத்து மாத்திரை. அரசு மருத்துவமனையில் அதையே மாலா-என் என்று இலவசமாகத் தருவார்கள். இது ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை. ஆரிகனில் இருபது கேள்வியும் ரத்த அழுத்தப் பட்டையும் தாண்டிக் கிடைப்பது, இங்கே பெரும்பாலும் ஒரு கேள்வியும் இல்லாமல் கைக்கு வந்துவிடும். செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை, “பி.பி. இருக்காம்மா?” என்று கேட்பதில் காட்டியிருக்கலாம்.

இன்னொரு முனையில் அவசரக் கருத்தடை மாத்திரை. பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டபின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தியாவில் 2005 முதல் இதற்குச் சீட்டு தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாத, ஒரே ஒரு முறை சாப்பிடும் மருந்து. கேள்வியே கேட்காமல் கொடுத்தாலும் பெரிதாகத் தப்பில்லாத மருந்து இதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளில் அதைத் தேடிப் பாருங்கள். என் தோழி ஒருத்தி சென்னையில் ஒரே மாலையில் நான்கு கடை ஏறி இறங்கினாள். முதல் இரண்டில், “அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லை.” மூன்றாவதில் பதிலே சொல்லாமல் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நான்காவதில் ஒரு பெரியவர், “கல்யாணம் ஆயிடுச்சா?” என்றார். ஆரிகன் தாளில் இல்லாத கேள்வி அது. தடை எதுவும் இல்லை என்று அதிகாரிகள் சொல்வதும், கடைகளில் இல்லை என்று பத்திரிகைகள் எழுதுவதும் இங்கே வருடக்கணக்காக நடக்கிறது.

இதற்குப் பின்னால் மானப் பிரச்சினை மட்டும் இல்லை, ஒரு குழப்பமும் இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் பலர், கடைக்காரர்கள் உட்பட, ஒன்றாகவே நினைக்கிறார்கள். முன்னதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல். முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கரு ஏற்கெனவே தங்கிவிட்டால் அதை ஒன்றும் செய்யாது. பின்னது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அதற்கு 1971-ஆம் வருடத்துச் சட்டம் உண்டு, டாக்டர் வேண்டும், கணக்கு வழக்கு வேண்டும். இரண்டாவதை வைத்திருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து கேட்பார்களே என்ற பயத்தில் முதலாவதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் கதவைத் திறக்காத கடைகளுக்குப் பணம் ஒரு காரணம்; இங்கே பயம். வெறுங்கையோடு திரும்பும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மருந்துக்கடையால் ஆகாதவையும் இருக்கின்றன. காப்பர்-டி போட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் அப்படியே. பால்வினை நோயை எந்த மாத்திரையும் தடுக்காது, அதற்கு ஆணுறை. ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த சென்ட்குரோமன் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சாயா என்ற பெயரில் தருவார்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று.

தினசரி மாத்திரையைக் கடையில் வாங்குகிறவர்கள், அங்கே யாரும் கேட்காத கேள்விகளைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம். சிகரெட், வயது, மின்னும் கோடுகளோடு வரும் தலைவலி, காலில் ரத்தம் கட்டிய வரலாறு, சமீபத்துப் பிரசவம், வலிப்பு அல்லது காசநோய் மாத்திரை. இப்போது பல மெடிக்கல் ஷாப்புகளில் பி.பி. பார்க்கும் கருவி இருக்கிறது. பையில் அட்டையைப் போடுவதற்கு முன்னால் கையை நீட்டி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 140/90-ஐத் தாண்டியிருந்தால் அந்த அட்டையை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறொன்றை அவர் எழுதித் தருவார்.